தினம் இருபது நிமிடம் ஜப்பானிய மொழி - தமிழ் வழியாக!

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணம் 'படிப்புக்காக' என்பதுதான். வாங்கிய புதிதில் ஒரு வெளிநாட்டு மொழியையாவது சொந்தமாகக் கற்றுக் கொள்ள வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. இன்டர்நெட்டில் தேடி, பாடங்கள், வீடியோக்கள், பி.டி.எப். புத்தகங்கள் என ஐந்தாறு ஜி.பி. அளவிற்கு டவுன்லோட் செய்கிறார்கள். 'லாங்குவேஜ்' என்று ஒரு போல்டர் உருவாகிறது. ஆறு மாதம் கழித்து டிஸ்க்கில் இடம் இல்லை என்று செய்தி வந்தால் முதலில் டெலிட் ஆவதும் அந்தப் போல்டர்தான்.

இது சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் போல்டரில் பாடம் இருக்கிறதே தவிர, தினமும் எதை எவ்வளவு படிப்பது என்ற ஏற்பாடு இல்லை. இரண்டாவது காரணத்தைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தருபவை. இரண்டு பக்கம் படித்ததும் 'இங்கிலீஷே இன்னும் சரியா வரலை, இதுல ஜப்பானிய மொழியா?' என்று மூடி வைத்து விடுகிறோம். முதலில் ஆங்கிலம், அதன்பின் மற்றது என்று நம் மனதில் ஒரு வரிசை பதிந்திருக்கிறது. ஜப்பானிய மொழியைப் பொறுத்தவரை இந்த வரிசை தேவையில்லை என்பது என் கருத்து. சொல்லப் போனால், ஆங்கிலம் வழியாகப் போவது சுற்று வழி.

ஜப்பானிய மொழியை நான் எடுத்துக் கொள்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஜப்பான் கிளையன்ட்டுக்காக வேலை செய்யும் டீமில் நான் இருக்கிறேன். ஐ.டி. வேலைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பல உள்ளன. முதியோர் பராமரிப்பு, கட்டடம், உணவகம், விவசாயம் போன்ற வேலைகளுக்கு வெளிநாட்டினரை எடுக்க ஜப்பான் அரசு 2019 ஏப்ரலில் ஒரு புதிய விசா முறையைக் கொண்டு வந்தது. அது தொடர்பாக இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்து கொண்டன. இதற்கு அந்தந்த வேலைக்கான திறன் தேர்வுடன் மொழித் தேர்வும் உண்டு. ஜே.எல்.பி.டி. தேர்வில் என்4 நிலை, அல்லது ஜே.எப்.டி. பேசிக் என்ற தேர்வு. இந்த வேலைகளுக்குப் போகக் கூடியவர்கள் ஐ.டி.ஐ., நர்சிங், டிப்ளமா படித்தவர்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச முடியவில்லை என்ற ஒரே காரணத்தால் 'நமக்கு எதுக்கு' என்று ஒதுங்கி விடுபவர்களும் இவர்களில் உண்டு.

இவர்களுக்கு முதலில் ஒரு வாக்கியத்தைக் காட்ட விரும்புகிறேன். 'நான் நாளை சென்னைக்குப் போகிறேன்' என்பதை ஜப்பானியர் 'வதஷி வா அஷித சென்னை நி இகிமஸ்' என்பார். வதஷி என்றால் நான். அஷித என்றால் நாளை. 'நி' என்பது நம்முடைய 'க்கு'. இகிமஸ் என்றால் போகிறேன். நடுவில் வரும் 'வா' ஒன்றைத் தவிர ஒவ்வொரு சொல்லும் தமிழில் இருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. 'போகிறீர்களா?' என்று கேட்க வேண்டுமா? நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள்: இகிமஸ் கா? இதையே ஆங்கிலத்தில் கேட்க வேண்டுமானால் வாக்கியத்தின் முன்பகுதியையே மாற்ற வேண்டும்.

'நேற்று வாங்கிய புத்தகம்' என்பது 'கினோ கத்த ஹொன்'. கினோ நேற்று, கத்த வாங்கிய, ஹொன் புத்தகம். இதை ஆங்கிலத்தில் சொன்னால் புத்தகம் முன்னால் வந்து, 'விச்' என்று ஒரு சொல் நுழைந்து, 'நேற்று' கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் நேராக இருக்கும் வாக்கியத்தை முதலில் தலைகீழாக்கி, பின்பு மறுபடி நேராக்குகிறார். நமக்கு எதற்கு இந்த வேலை?

இன்னும் சுவையான விஷயம் இரட்டை வினைகள். நாம் 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம். இதில் கண்ணால் பார்ப்பது எதுவும் இல்லை, முயன்று பார் என்று பொருள். ஜப்பானியரும் 'தபெதெ மிரு' என்கிறார்கள். தபெதெ சாப்பிட்டு, மிரு பார். நாம் மறந்துவிடாமல் இருக்க 'எழுதி வை' என்போம். அவர்கள் 'கைதெ ஒகு' என்பார்கள். ஒகு என்றால் வைப்பது. 'கொண்டு வா' என்பது 'மொத்தெ குரு', 'கொண்டு போ' என்பது 'மொத்தெ இகு'. ஆங்கிலப் பாட நூலில் இவை ஒவ்வொன்றும் தனி இலக்கண விதியாக விளக்கப்பட்டிருக்கும். தமிழ் தெரிந்தவருக்கு அந்த விளக்கத்தில் பாதி தேவைப்படாது.

உறவுப் பெயர்களும் அப்படியே. அனி அண்ணன், ஒதோதொ தம்பி, அனெ அக்கா, இமோதொ தங்கை. ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் என்ற இரண்டே சொற்களை வைத்துக் கொண்டு 'எல்டர்', 'யங்கர்' என்று ஒட்டுப் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதாகிறது. 'இது' என்பதற்குக் 'கொரெ', 'அது' என்பதற்கு 'அரெ', எதிரில் இருப்பவர் பக்கம் உள்ளதற்குச் 'சொரெ'. இந்த நடு நிலையைக் குறிக்கப் பழந்தமிழில் 'உது' இருந்தது. தமிழ்நாட்டில் மறைந்துவிட்ட அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தார் இன்றும் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

இதனால் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று கிளம்பி விட வேண்டாம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கற்றுக் கொள்பவருக்கு அந்தச் சண்டை தேவையில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப் போகிறது என்ற ஒன்றே நமக்குப் போதும். எங்கள் டீமில் தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒருவர் ஜப்பானிய மொழியில் மெயில் எழுதும்போது வாய்க்குள் தமிழில் முணுமுணுத்துக் கொண்டேதான் டைப் செய்வார். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் ஆங்கில வாக்கியத்தைத் தயார் செய்து முடிப்பதற்குள் இவர் மெயிலை அனுப்பி விடுகிறார்.

சரி, தினமும் என்ன செய்வது? முதல் மூன்று வாரம் எழுத்துகளை மட்டும் படியுங்கள். ஹிரகனாவில் அடிப்படை எழுத்துகள் 46, கதகனாவிலும் 46. தினமும் ஐந்தாறு எழுத்து என்றால் முடிந்துவிடும். ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி, க, ச, த, ந என்று போவதைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். பௌத்தத்தோடு அங்கு போன இந்திய எழுத்து முறையின் சுவடு அது. மேலே நான் தமிழ் எழுத்தில் தந்த உச்சரிப்புகள் எல்லாம் தோராயமானவை. நம் 'த' ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கும், ஜப்பானிய மொழியில் அவை வேறு வேறு. எனவே உச்சரிப்பைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைத்துப் படிக்காதீர்கள். பொருளை மட்டும் தமிழில் எழுதுங்கள்.

அடுத்தது கார்டுகள். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885ல் வெளியிட்டார். அவர் கணக்கில் ஒரு நாள் கழித்து மிஞ்சியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மறக்கும் தறுவாயில் ஒருமுறை நினைவுபடுத்திக் கொண்டால், அடுத்த முறை மறப்பதற்கு இன்னும் அதிக நாள் ஆகிறது. 1972ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் இதை அட்டைப் பெட்டிகளை வைத்துச் செய்யும் வழியைச் சொன்னார். விடை தெரிந்த அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தெரியாதது முதல் பெட்டிக்குத் திரும்பும். இதையே கம்ப்யூட்டரில் செய்வதற்கு டேமியன் எல்ம்ஸ் 2006ல் வெளியிட்ட இலவச சாப்ட்வேர்தான் 'அன்கி'. ஜப்பானிய மொழி படிப்பதற்காகவே அவர் இதைத் தொடங்கினார். அன்கி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள்.

அன்கியை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். இதே பெயரை ஒட்டிப் பல போலி ஆப்கள் உலவுகின்றன. இன்ஸ்டால் செய்தபின் 'ஆட்' பட்டனைக் கிளிக் செய்து, முன்பக்கம் ஜப்பானிய வாக்கியமும் பின்பக்கம் தமிழும் டைப் செய்திடுங்கள். மற்றவர்கள் ஆயிரக்கணக்கில் தயாரித்த கார்டுத் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கும்தான். அவற்றைத் தவிர்த்து விடுவது நல்லது என்பேன். முதலாவது, அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டாவது, 'தபெதெ மிரு' என்பதற்கு எதிரே 'சாப்பிட்டுப் பார்க்கிறேன்' என்று நீங்களே யோசித்து டைப் செய்யும் அந்த அரை நிமிடத்தில் பாதி வேலை முடிந்து விடுகிறது. தனிச் சொல்லைப் போடாமல் மூன்று நான்கு சொல் கொண்ட சிறு வாக்கியமாகப் போடுங்கள். நல்ல ஜப்பானிய அகராதிகள் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன என்பதை ஒப்புக் கொள்கிறேன். பொருள் பார்க்க அவற்றைப் பயன்படுத்துங்கள், கார்டில் மட்டும் தமிழ் இருக்கட்டும்.

இங்கு ஒரு முக்கியமான செட்டிங் உண்டு. அன்கி ஒரு நாளைக்கு 20 புதிய கார்டுகளைத் தருமாறு அமைக்கப்பட்டிருக்கும். இருபதுதானே என்று தோன்றும். ஆனால் பழைய கார்டுகளும் திரும்பத் திரும்ப வருமே! தினம் 20 புதியது என்று சில வாரம் போனால், நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 கார்டுகள் மறுபார்வைக்கு நிற்கும். பலர் அன்கியை விட்டு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். தொகுப்பின் பெயருக்கு அருகில் உள்ள பல்சக்கர ஐகானைக் கிளிக் செய்து, 'ஆப்ஷன்ஸ்' சென்று, புதிய கார்டுகளை 5 என மாற்றி விடுங்கள். மறுபார்வை ஐம்பதைச் சுற்றி நிற்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து விடலாம்.

கம்ப்யூட்டரையும் இதற்கு ஏற்றபடி பழக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் உள்ள அன்கி ஐகானில் ரைட் கிளிக் செய்து காப்பி செய்திடுங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தினால் 'ரன்' கட்டம் வரும். அதில் ஆங்கில எழுத்துகளில் ஷெல் என்றும், உடனே ஒரு கோலன் குறியும், இடைவெளி விடாமல் ஸ்டார்ட்அப் என்றும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். திறக்கும் போல்டரில் அந்த ஐகானைப் பேஸ்ட் செய்து விட்டால், கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் அன்கி தானாகவே வந்து நிற்கும். மெயிலும் வீடியோவும் அதன்பிறகுதான். சின்ன விஷயம்தான், ஆனால் 'இன்று படிக்கலாமா வேண்டாமா' என்று யோசிக்கும் வாய்ப்பையே இது எடுத்து விடுகிறது. மொபைலிலும் அன்கி உண்டு, பஸ்ஸில் போகும்போது உதவும். ஆனால் கார்டு தயாரிப்பதற்குக் கீபோர்டும் பெரிய திரையும்தான் வசதி.

டைப் செய்வதற்கு 'செட்டிங்ஸ்' திறந்து, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பிரிவில் 'ஆட் எ லாங்குவேஜ்' மூலம் ஜப்பானிய மொழியைச் சேர்த்திடுங்கள். தமிழையும் அங்கேயே சேர்க்கலாம். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் போனெடிக் கீபோர்டு 2019 முதல் விண்டோஸ் 10லேயே வருகிறது, 11லும் உண்டு. விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் தட்டினால் மொழி மாறும். ஜப்பானிய மொழிக்கு மாறியபின் டாஸ்க் பாரில் ஆங்கில 'ஏ' எழுத்து தெரிந்தால், அதன்மீது ஒருமுறை கிளிக் செய்திடுங்கள். ஹிரகனா வரத் தொடங்கும்.

மீதி உள்ள எட்டு நிமிடம் காதுக்கு. ஜப்பான் பவுண்டேஷன் 2020ல் வெளியிட்ட 'இரோடோரி' என்ற பாடநூல் பி.டி.எப். ஆகவும், அதன் ஒலிப் பகுதிகள் எம்பி3 ஆகவும் இலவசமாகவே கிடைக்கின்றன. வேலைக்காக ஜப்பான் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இறக்கி வைக்காதீர்கள், ஒரு பாடத்தை மட்டும் டவுன்லோட் செய்து ஒரு வாரம் முழுக்க அதையே கேளுங்கள். பிறகு விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரில் உங்கள் குரலில் பதிந்து, இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விடுங்கள். இங்கும் தமிழ்க் காதுக்கு ஒரு சலுகை உண்டு. 'ஒஜிசன்' என்றால் மாமா, 'ஒஜீசன்' என்றால் தாத்தா. 'கிதெ' என்றால் வந்து, 'கித்தெ' என்றால் தபால் தலை. குறில், நெடில் வேறுபாடும் ஒற்று அழுத்தமும் தெரியாதவர்கள் இதில் மாதக் கணக்கில் தடுமாறுவார்கள். படி, பாடி, பத்தி என்று பேசி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

இப்போது ஒரு கணக்கு. 2010க்கு முன்பு இருந்த ஜே.எல்.பி.டி. மூன்றாம் நிலைதான் ஏறத்தாழ இன்றைய என்4. அதற்குத் தேவை என்று அக்காலத்தில் அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்டது 1500 சொற்கள், 300 கான்ஜி எழுத்துகள், 300 மணி நேரப் படிப்பு. தினம் 20 நிமிடம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 121 மணி நேரம். அப்படியானால் என்4க்கு இரண்டரை ஆண்டு ஆகும். 40 நிமிடம் என்றால் ஒன்றே கால் ஆண்டு. தமிழ் வழியாகப் படித்தால் இலக்கணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், கான்ஜியில் எந்த மிச்சமும் கிடையாது. '30 நாட்களில்' என்று தலைப்புப் போட்ட புத்தகத்தையோ, 'மூன்று மாதத்தில் என்4 உறுதி' என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டையோ பார்க்கும்போது இந்த 300 மணி நேரத்தை 90 நாளால் வகுத்துப் பாருங்கள். நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் வருகிறது. வேலைக்குப் போய்க் கொண்டே இதைச் செய்ய முடியுமா என்று நீங்களே முடிவு செய்து கொள்ளலாம்.

இரண்டரை ஆண்டில் காய்ச்சல் வரும், திருமணம் வரும், கரண்ட் போகும். நாட்கள் விடுபடத்தான் செய்யும். பல மொபைல் ஆப்கள் இத்தனை நாள் தொடர்ந்து வந்தீர்கள் என்று எண்ணிக் காட்டி, ஒருநாள் விட்டால் அழாத குறையாக மெசேஜ் அனுப்புகின்றன. அந்த எண்ணைக் காப்பாற்ற இரவு 11.55க்கு ஒரு சுலபமான பாடத்தைத் தட்டி முடிப்பவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அது எண்ணைக் காப்பாற்றுகிறது, மொழி வளர்வதில்லை. நான்கு நாள் விட்டுப் போய் அன்கியில் 180 கார்டு குவிந்திருந்தால், வழக்கமான இருபது நிமிடம் மட்டும் செய்துவிட்டு மூடி விடுங்கள். புதிய கார்டு எண்ணிக்கையை 0 ஆக்கி விட்டால் ஒரு வாரத்தில் குவியல் கரைந்து விடும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்து ஈடு கட்டுகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். அடுத்த ஞாயிறு அந்த நாற்காலிப் பக்கமே போகப் பிடிக்காது.

தனியாகப் படிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஜே.எல்.பி.டி. தேர்வில் பேச்சுக்கும் எழுத்துக்கும் மதிப்பெண் கிடையாது. எழுத்தும் சொல்லும், இலக்கணமும் வாசிப்பும், கேட்டலும் மட்டுமே. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். சான்றிதழ் கையில் இருந்தும், போனில் கிளையன்ட் 'மொஷி மொஷி' என்றவுடன் வாயடைத்துப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே ஆறேழு மாதம் கழித்து, கார்டுகள் ஆயிரத்தை நெருங்கும் சமயத்தில், வாரம் ஒருமுறையாவது பேச ஓர் ஆளைத் தேடுங்கள். சென்னையில் ஜப்பானிய வகுப்புகளும் உண்டு, இந்தத் தேர்வு எழுதும் மையமும் உண்டு. ஆண்டுதோறும் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ காலில் ஒரு கூட்டாளியைப் பிடிக்கலாம். அவரும் தமிழராக இருந்தால் முதல் சில வாரம் பாதித் தமிழிலேயே பேச்சு ஓடும். ஓடட்டும். வினையைக் கடைசியில் வைக்கும் பழக்கம் இருவருக்குமே ஏற்கனவே இருக்கிறது, சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிக் கொண்டே வரலாம்.